மீதியை வெள்ளித்திரையில் காண்க

வேலந்தாவளம் என்றால் இங்கே துபாயில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் "அந்தச் செக்போஸ்ட் ஊர்தானே?" என்பார்கள். ஆமாம், அதேதான். கோவையிலிருந்து கிளம்பி வரும் பஸ் தமிழ்நாட்டை முடித்துக்கொள்கிற இடம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில்.

அங்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் என் அப்பா டீக்கடை வைத்திருந்தார். கடை முகப்பில் இரண்டு தட்டிகள் தொங்கும். தட்டி என்றால் என்ன என்று உங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கும். மூங்கில் சட்டம், அதன்மேல் சாக்கு, அதன்மேல் மைதாப் பசையில் ஒட்டிய சினிமா போஸ்டர். ஒன்று தமிழ்ப் படத்துக்கு, இன்னொன்று மலையாளப் படத்துக்கு. தட்டி வைக்க வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பாஸ், இரண்டு பேர் போகலாம். வெள்ளி, சனி, ஞாயிறு செல்லாது. திங்கட்கிழமைக்கு மேல், படம் கொஞ்சம் ஆறிப்போன பிறகுதான் போக முடியும். அதுவரை ஒரு வாரம் போஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் பி.காம். படித்து வங்கி வேலைக்கு வந்தவன். சினிமா விமர்சகன் இல்லை. ஆனால் ஒரு போஸ்டரைப் பார்த்தால் எந்த மாதிரி ஆள் நிற்பார், எவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார் என்கிற படிப்பை அந்தக் கடை பெஞ்சில் கொஞ்சம் படித்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

காரணம், போன வாரம் என் மகன் சொன்ன ஒரு வாக்கியம். பதினேழு வயது. தமிழில் வரப்போகும் ஓர் அறிவியல் புனைகதைப் படத்தின் டீஸரைக் கைபேசியில் காட்டினான். ஒரு நிமிடம் சொச்சம். நன்றாகவே இருந்தது. "பார்க்கலாமாடா?" என்றேன். "டீஸர் சூப்பர்ப்பா. ஆனா தமிழ்ப் படம், அதான் யோசிக்கிறேன்" என்றான்.

அந்த 'ஆனா' என்னைச் சும்மா விடவில்லை.

சரி, கடைக்குத் திரும்புவோம். 1994 என்று நினைவு. நான் பத்தாம் வகுப்பை ஒட்டிய வயது. தமிழ்த் தட்டியில் வழக்கமாக ரஜினி, விஜயகாந்த், கார்த்திக் முகங்கள்தான் வரும். ஒரு வெள்ளிக்கிழமை சைக்கிளில் பசை வாளியோடு வந்த பையன் கறுப்பாக ஒரு போஸ்டரை ஒட்டிவிட்டுப் போனான். நடுவில் ஒரு வட்டம், அதில் ஓர் எலும்புக்கூடு, கீழே இங்கிலீஷில் பெயர். ஜுராசிக் பார்க். அவ்வளவுதான். ஹீரோ இல்லை, ஹீரோயின் இல்லை, துப்பாக்கி இல்லை, முத்தம்கூட இல்லை. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "என்றா இது, ஆளே இல்லாத படம்?" என்றார்.

அன்று மாலைக்குள் அந்தத் தட்டி முன்னால் நின்றவர்களின் எண்ணிக்கை, வேறு எந்தப் படத்துக்கும் நான் பார்க்காதது. ஒரு லாரி டிரைவர், "என்னங்ண்ணா, பல்லிப் படமுங்களா?" என்று கேட்டார். இன்னொருவர் மலையாளத்தில், "பல்லியல்ல, முதலயா" என்று திருத்தினார். மூன்றாவது ஒருவர் அது யானை செத்த எலும்பு என்றார். எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் டீ குடிக்க வந்து, ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்திய மிருகம் என்று பாடமே எடுத்தார். டீ வியாபாரம் அன்று பிரமாதம். அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் வருவதே மொத்தம் கால் மணி நேரம்தான் என்பதும், போஸ்டரில் ஒரு உயிருள்ள டைனோசரைக்கூடக் காட்டவில்லை என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. காட்டியிருந்தால் அன்றைக்குச் சண்டை நடந்திருக்காது. பார்த்துவிட்டு, "ஓ, இதானா" என்று டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதுதான் மற்றப் படங்களுக்கும் அறிவியல் புனைகதைக்கும் போஸ்டரில் உள்ள வித்தியாசம் என்பது என் கட்சி. குடும்பப் படத்துக்கோ சண்டைப் படத்துக்கோ போஸ்டர் என்பது அறிமுகச் சீட்டு. உனக்குத் தெரிந்தவர்தான் வந்திருக்கிறார், வா என்கிறது. முகம் போதும். அறிவியல் படத்துக்கு விற்பனைப் பொருளே நீங்கள் இதுவரை பார்க்காத ஒன்று. அதை முழுக்கக் காட்டினால் விற்றுத் தீர்ந்தது. காட்டவே இல்லையென்றால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு கேள்வியைத்தான் விற்க முடியும். கேள்வி நன்றாக இருந்தால், அதற்குப் பதில் வாங்கக் காசு கொடுத்து உள்ளே வருவார்கள்.

உலகத்தில் இதை அழகாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1979-ல் வந்த ஏலியன் படத்தின் போஸ்டர்: இருட்டில் ஒரு முட்டை, கீழே விரிசல், அதிலிருந்து கசியும் பச்சை வெளிச்சம். விண்வெளியில் நீ அலறினால் யாருக்கும் கேட்காது என்கிற மாதிரி ஒரு வரி. படத்தில் வருகிற முட்டை அப்படி இருக்காது, போஸ்டரில் இருப்பது ஏறக்குறைய நம் வீட்டுக் கோழி முட்டை. அதனால்தான் பயம். ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999-ல் வந்த படத்துக்கு முன்னோட்டமாக ஒரு போஸ்டர் விட்டார்கள். பாலைவனத்தில் ஒரு சின்னப் பையன் நடக்கிறான், சுவரில் விழும் அவன் நிழல் மட்டும் டார்த் வேடராக இருக்கிறது. ஒரு நிழலில் முழுக் கதை. இந்தப் பிஞ்சு எப்படி அந்த அரக்கனாகிறது என்ற கேள்விக்கு உலகமே வரிசையில் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் க்ளோவர்ஃபீல்ட். 2007 ஜூலையில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துக்கு முன்னால் ஒரு டீஸர் ஓடியது. யாரோ வீட்டு விருந்தில் கைக் கேமராவில் எடுத்த மாதிரி ஆட்டம். திடீரென்று ஊர் அதிர்கிறது, எல்லோரும் தெருவுக்கு ஓடுகிறார்கள், சுதந்திர தேவி சிலையின் தலை பறந்து வந்து தெருவில் விழுகிறது. அவ்வளவுதான். படத்தின் பெயரைக்கூடப் போடவில்லை. ஒரு தேதி மட்டும்: அடுத்த வருடம் ஜனவரி 18. தலையை வெட்டியது எது? ஆறு மாதம் ஜனங்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சுமார் இரண்டரைக் கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்கப் பதினேழு கோடி டாலர் வசூல். பெயர் இல்லாத விளம்பரத்துக்கு இது நல்ல வட்டி. (கடன் பிரிவில் உட்கார்ந்தவன் புத்தி இப்படித்தான் போகும், மன்னிக்கவும்.)

ஆனால் இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை, நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மாறாகத்தான். டீஸர் நம் சொத்து. அப்பாவின் தகரப்பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம். நாயகன் சிறையில், நாயகி வில்லன் கையில், தாய் மரணப் படுக்கையில் என்று கொண்டுபோய் நிறுத்தி, கடைசியில் ஒரே வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க! எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அந்தச் சுருக்கம் எழுதிய பெயர் தெரியாத ஆள் அறிந்திருந்தார்.

அறிவியல் படமும் நமக்குப் புதிதில்லை. 1952-லேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' எடுத்தது. மறைந்துபோன மாமத யானைகள் இந்தியக் காட்டில் வருகிற கதை. 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்து ஆட்கள் பறக்கும் தட்டில் வந்து, தங்கள் உலகத்துக்குக் கலை கற்றுத்தரப் பானுமதியைக் கடத்திப்போகிறார்கள். 1963! மனிதன் நிலாவில் கால் வைக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. அப்பா அதைச் சிறு வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்திருக்கிறார். என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், "எம்ஜார் ரெண்டு வேசம்" என்பார். பறக்கும் தட்டு நினைவில்லை. அதுதான் சிக்கலின் ஆரம்பம் என்று நினைக்கிறேன். இங்கே முகம் எப்போதும் தட்டை மறைத்துவிடுகிறது.

1986-ல் கமலின் 'விக்ரம்'. சுஜாதா எழுதியது. கடத்தப்பட்ட ஓர் ஏவுகணை, அக்னி புத்திரன் என்று பெயர். மூன்று வருடம் கழித்து 1989 மே மாதம் இந்தியா நிஜமாகவே அக்னி ஏவுகணையை விட்டபோது, எங்கள் கடையில் பேப்பர் படித்த ஒருவர் "இது கமல் படத்துல வந்ததாச்சே" என்று சத்தியம் செய்தார். 2010 அக்டோபரில் 'எந்திரன்'. பாட்டு வெளியீடு கோலாலம்பூரில் நடந்தது, அயல்நாட்டுத் தமிழன் என்று ஒரு சந்தை இருப்பதை நன்றாகத் தெரிந்து செய்தது. மனிதனைப் போலவே இருக்கிற ஓர் இயந்திரம் காதலிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? நல்ல கேள்வி. அதில் ரஜினி முகமும் கேள்வியும் ஒன்றாகவே இருந்ததால் பிழைத்தது. இயந்திரத்துக்கும் அதே முகம் அல்லவா.

அடுத்து '2.0'. இதை விளம்பரம் செய்த விதத்தை எம்.பி.ஏ. வகுப்பில் பாடமாக வைக்கலாம். 2016 நவம்பரில் மும்பையில் முதல் பார்வை. 2017-ல் லாஸ் ஏஞ்சலஸ் வானத்தில் நூறடி உயர வெப்பக் காற்று பலூன். அதே வருடம் அக்டோபர் 27-ஆம் தேதி, எங்கள் ஊரில், ஆமாம், துபாயில், புர்ஜ் பார்க்கில் பாட்டு வெளியீடு. ரஜினி, அக்‌ஷய் குமார், ஏ.ஆர். ரஹ்மான் எல்லோரும் வந்தார்கள். மறுநாள் அலுவலகத்தில் பாகிஸ்தான்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாம் என்னிடம் வந்து யார் இவர் என்று விசாரித்தார்கள். அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு 2018 செப்டம்பரில், விநாயகர் சதுர்த்தியன்று டீஸர். நவம்பர் ஆரம்பத்தில் டிரெய்லர். நவம்பர் 29-ல் படம்.

அந்த டீஸரில் ஒரு அருமையான கேள்வி இருந்தது. ஊரில் உள்ள எல்லோருடைய செல்போனும் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் பறக்கிறது. எங்கே போகிறது? யார் கூப்பிட்டது? இதைவிட நம் காலத்துக்குப் பொருத்தமான அறிவியல் கேள்வி எந்த மொழியிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் என்று போட்டிருக்க வேண்டும். அதே டீஸரிலேயே செல்போன்கள் சேர்ந்து ராட்சதப் பறவையாவதையும் காட்டிவிட்டார்கள். போதாததற்கு ஊரெல்லாம் பேச்சு 500 கோடி, 500 கோடி என்றுதான். செல்போன்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்கவில்லை. பணம் எங்கே போனது என்றுதான் கேட்டார்கள். (படம் வரும் வாரத்தில் செல்போன் நிறுவனங்களின் சங்கம், கோபுரக் கதிர்வீச்சைப் பற்றித் தப்பான பிரசாரம் என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. காசு கொடுக்காமல் கிடைத்த விளம்பரம்.)

இந்தக் கோடி விளம்பரம் யாருக்காக? ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. வங்கிக்காரனாக யோசித்தபோது விளங்கியது. 1998-ல் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தார்கள், வங்கிக் கடன் வாங்கலாம் என்றார்கள். ஆனாலும் தமிழ்ப் படம் பெரும்பாலும் இன்றைக்கும் தனியார் ஃபைனான்ஸில்தான் ஓடுகிறது, வட்டி தினமும் ஏறுகிறது. படம் முடிவதற்குள் ஏரியா ஏரியாவாக விற்றாக வேண்டும். வெளிநாட்டு உரிமை என்று நம் தலைகளை எண்ணி ஒரு விலை. ஆக, 500 கோடி என்கிற போஸ்டர் உங்களுக்கோ எனக்கோ ஒட்டியது இல்லை. வாங்க வருகிற விநியோகஸ்தருக்கு ஒட்டியது. ஹீரோ முகம் பெரிதாக இருப்பதும் அதற்குத்தான், முதல் மூன்று நாள் கூட்டத்துக்கு அது ஈடு. தயாரிப்பாளர் முட்டாள் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும், இரவு தூக்கம் வராமல், அதையே செய்திருப்பேன்.

ஆனால் அந்தப் போஸ்டரை என் மகனும் பார்க்கிறான். பிரச்சினை அங்கேதான்.

அவனுக்குப் பத்து வயது இருந்தபோது ஒரு தமிழ் அறிவியல் படத்துக்குப் போனோம். எந்தப் படம் என்று சொல்லப் போவதில்லை, அது அந்தப் படத்தின் தனிக் குற்றமும் இல்லை. டிரெய்லரை அவன் நாற்பது தடவையாவது பார்த்திருப்பான். வகுப்பில் அரபுப் பையன்களிடமும் மலையாளிப் பையன்களிடமும் காட்டி, "இது எங்க படம்" என்று பீற்றிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரைக் கூடவே அழைத்தும் வந்தான். நான்கு பெரிய டிக்கெட், பாப்கார்ன், கார் நிறுத்தக் காசு, எல்லாம் சேர்த்தால் ஊரில் ஒரு மாத மளிகை. டிரெய்லரில் இருந்தது எல்லாம் படத்தில் இருந்தது. டிரெய்லரில் இல்லாதது எதுவும் படத்தில் இல்லை. நடுவில் இரண்டு பாட்டு, ஒரு காமெடி டிராக். இடைவேளையில் கூட வந்த பையன்களில் ஒருவன் எதோ சொல்லிச் சிரித்தான். என் மகன் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் யாரையும் தமிழ்ப் படத்துக்கு அழைத்ததே இல்லை. போன வாரத்து 'ஆனா' அன்றைக்கு முளைத்தது.

ஊரில் வளர்கிற பையனுக்கு ஒரு படம் ஏமாற்றினால் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு படம் இருக்கிறது. மறக்காமல் இருக்கத்தான் கஷ்டம். இங்கே வளர்கிற பையனுக்கு வருடத்துக்கு நான்கைந்து தடவைதான் தமிழ் திரையில் கிடைக்கிறது. அதில் அவனாக விரும்பிப் பார்ப்பது அறிவியல் படம் ஒன்றோ இரண்டோ. அதே வாரம் பக்கத்துத் திரையில் ஹாலிவுட் படம் ஓடுகிறது, அதன் டிரெய்லரும் அதே கைபேசியில் வருகிறது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவனுக்கு, தமிழில் பெருமைப்பட மிச்சமிருக்கிற ஓரிரு வாசல்களில் இது ஒன்று. அதைத்தான் ஒன்றரை நிமிட டிரெய்லரில் அடகு வைக்கிறோம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, விளம்பரம் என்றால் கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும், இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்கலாம். சட்டமும் உங்கள் பக்கம்தான். பி.காம். இரண்டாம் வருடத்தில் வணிகச் சட்டம் என்று ஒரு பாடம். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம். கடைக் கண்ணாடிக்குள் சட்டையும் விலைச் சீட்டும் வைத்திருப்பது விற்பதற்கான ஒப்பந்த முனைவு அல்ல, வந்து கேள் என்கிற அழைப்புதான் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சினிமா டிரெய்லருக்கு ஏறக்குறைய இதையேதான் சொன்னது. வழக்கு 2016-ல் வந்த ஷாருக் கானின் 'ஃபேன்' படம் பற்றியது. மகாராஷ்டிரத்தில் ஓர் ஆசிரியை, டிரெய்லரில் வந்த ஒரு பாட்டுக்காகக் குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று குடும்பத்தோடு போயிருக்கிறார். படத்தில் அந்தப் பாட்டே இல்லை. குழந்தைகள் அன்று இரவு சாப்பிடவில்லை, உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று என்று அவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். மாநில ஆணையம் நஷ்ட ஈடாகப் பத்தாயிரம் ரூபாயும் செலவுக்கு ஐயாயிரமும் கொடுக்கச் சொன்னது, தேசிய ஆணையமும் சரி என்றது. உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. டிரெய்லர் வாக்குறுதி அல்ல, அது ஒப்பந்தம் ஆகாது, அதில் இருப்பது படத்தில் இல்லையென்றால் சேவைக் குறைபாடும் ஆகாது என்று தீர்ப்பு.

சட்டப்படி சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். வேறு மாதிரி சொல்லியிருந்தால் படத்தொகுப்பாளர் ஒரு காட்சியை வெட்டக்கூட வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த இரவு சாப்பிடாமல் படுத்த குழந்தைகளை எனக்குத் தெரியும். என் காரில் பின்சீட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

'முதல்' என்கிற சொல்லும் இந்த வகையில் சேர்த்தி. 2018-ல் 'டிக் டிக் டிக்' வந்தபோது இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்றே விளம்பரம். 1967-லேயே இந்தியில் தாரா சிங் நிலாவுக்குப் போய் மல்யுத்தம் செய்துவிட்டு வந்தாயிற்று. 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' 4,500-க்கும் மேற்பட்ட கிராஃபிக்ஸ் காட்சிகள் என்று எண்ணிக்கை சொன்னது. ஹோட்டல் வாசலில் "எங்கள் சாம்பாரில் பதினெட்டுக் காய்" என்று எழுதிவைத்த மாதிரி. அந்தப் படத்தில் குழந்தைகளுக்குப் பிடிக்கிற ஒரு வேற்றுக்கிரகவாசி இருந்தான். அவனுடைய கண்ணை மட்டும் காட்டியிருந்தாலே போதும்.

அதே இயக்குநர் ஆர். ரவிக்குமாரின் முதல் படம் 'இன்று நேற்று நாளை', 2015. பெரிய நட்சத்திரம் இல்லை, பெரிய செலவு இல்லை. இரண்டு வேலையில்லாத பையன்களுக்குக் கால எந்திரம் ஒன்று கிடைக்கிறது. அவர்கள் ஹிட்லரைக் கொல்லப் போகவில்லை, ராஜராஜனைப் பார்க்கப் போகவில்லை. தொலைந்துபோன சாமான் எங்கே இருக்கிறது என்று ஜோசியர் மூலமாகச் சொல்லிக் காசு பார்க்கிறார்கள்! வேலந்தாவளத்தில் யார் கையில் கால எந்திரம் கிடைத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கதையை ஒரு வரியில் சொன்னாலே ஆள் நிமிர்ந்து உட்காருகிறார். அதை நாங்கள் வீட்டில்தான் பார்த்தோம். என் மகன் தானாகவே இன்னொரு தடவை போட்டுப் பார்த்த தமிழ்ப் படம் அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது தெலுங்குக்காரர்கள் செய்தது. 2024-ல் 'கல்கி 2898' படத்துக்காக புஜ்ஜி என்று ஒரு வண்டி செய்தார்கள். முன்னால் இரண்டு ராட்சதச் சக்கரம், பின்னால் ஒரு உருண்டை, ஆறு டன் எடை. மகிந்திராவோடு சேர்ந்து அதைச் செய்து கொடுத்தது நம் கோவையின் ஜெயம் நிறுவனம். படம் வருவதற்கு முன்பே அந்த வண்டியை ஊர் ஊராக ஓட்டிப்போனார்கள். செய்தியில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு ஜீப் வரும். கூம்பு ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் போஸ்டர், உள்ளேயிருந்து ஓர் ஆள் ரோஸ் கலர் நோட்டீஸை அள்ளி வீசுவான், நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அதே ஜீப்தான் இது, சக்கரம் மட்டும் பெரிது. புஜ்ஜியைப் பார்த்தவர்கள் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்கவில்லை. "இதை யார் ஓட்டுவார்? உள்ளே என்ன இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். மகனும் அதையேதான் கேட்டான். தெலுங்குப் படம் என்று யோசிக்கவில்லை.

அப்பாவின் கடை இப்போது இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் செக்போஸ்ட் போனதும் லாரிகள் நிற்பது நின்றுபோனது. லாரி நிற்காத இடத்தில் டீ யாருக்கு? தட்டிகள் அதற்கும் பல வருடம் முன்பே போய்விட்டன. ஒரு தட்டியைக்கூட நான் போட்டோ எடுத்து வைக்கவில்லை. ஜெர்மனியில் 1927-ல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தின் போஸ்டர் ஒன்று 2005-ல் 6,90,000 டாலருக்கு விற்றதாம். எங்கள் ஊரில் போஸ்டரை ஆடு தின்றது.

போன வெள்ளிக்கிழமை அப்பாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். பேரன் அந்த டீஸரை லேப்டாப்பில் ஓடவிட்டு, கைபேசிக் கேமராவை அதன் முன்னால் பிடித்தான். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தார். ஒன்றும் புரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் கதவுக்குப் பொறத்தால என்ன இருக்குது கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியலை தாத்தா. அதைக் காட்டலை."

"பரவால்லியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் கண்ணு, அந்த ஊர்ல இதுக்கெல்லாம் பாஸ் கீஸ் உண்டா?" என்றார்.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பாஸ்னா என்னப்பா?"